மீன்கூடைக்குப் பக்கத்து சீட்: படத்தொடருக்கு யோசனை வேண்டும்

கெடிலம்கரை:
வணக்கம். புதுச்சேரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், வீடு கடலூர். பிராஜெக்டுக்குத் தெருப் புகைப்படத் தொடர், பன்னிரண்டு படம். ‘பார்க்கிறவன் கொஞ்சம் நெளியணும்’ என்று சார் சொல்லிவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் ஒயிட் டவுன் மஞ்சள் சுவருக்கு முன்னால் பிச்சைக்காரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

என் ஆயா முப்பது வருடம் மீன் விற்றவர். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, முதுநகரில் டவுன் பஸ் ஏறித் திருப்பாதிரிப்புலியூர் வருவார். இன்றும் அதே வழியில் பெண்கள் வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் உட்கார இடம் இல்லை. கூடை ஏறியதுமே கைக்குட்டை மூக்குக்குப் போகும். பஸ் பிதுங்கி வழிந்தாலும் கூடைக்காரம்மாவைச் சுற்றி ஒரு முழம் காலியாகவே கிடக்கும். அந்த ஒரு முழத்தைத்தான் எடுக்க வேண்டும்.

போன வாரம் இருபது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் ‘ஐயோ பாவம்’தான் தெரிகிறது. ஒரு அம்மா, “எதுக்குப்பா எடுக்கற, பேப்பர்ல போடவா?” என்று கேட்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். எப்படி எடுப்பது?

பழைய ரோல்:
தம்பி, நீ நின்றுகொண்டு எடுத்திருப்பாய். தரையில் உட்கார்ந்தவரை மேலிருந்து எடுத்தால் மகாராணியும் பாவமாகத்தான் தெரிவாள். படிக்கட்டுப் பக்கம் அவர் உயரத்துக்கு உட்கார். அங்கிருந்து, அவர் பார்க்கிற பக்கம் கேமராவைத் திருப்பு.

ஜூம் வேண்டாம். தூரத்திலிருந்து இழுத்து எடுத்தால் ஆட்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி நசுங்கிவிடும், நீ எடுக்கப்போவதே இடைவெளி. 28 எம்எம் அகல லென்ஸ் போதும், போன் கேமராவும் ஏறக்குறைய அதுதான். விடியலில் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வை, புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். ஓடும் பஸ்ஸில் படம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாதே. கருப்பு வெள்ளையும் வேண்டாம், அந்தப் புடவைகளின் நிறத்தைக் கொன்றுவிடும்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு நானும் கடலூரில் ஐந்து ரோல் எடுத்தேன். அத்தனையும் அழுகிற முகம். இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

ஓ.டி. பொண்ணு:
என் அம்மா இப்போதும் விற்கிறார். முதல் நடை பஸ்ஸில் போனால் நீங்கள் சொல்லும் ஒரு முழம் கிடைக்காது. அதில் ஏறுகிறவர்கள் எல்லாருமே கூடைக்காரர்கள்தான். ஒருத்தர் சும்மாட்டை இன்னொருத்தர் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவார், சங்கரா மீன் என்ன விலைக்குப் போனது என்று சண்டை நடக்கும். எட்டு மணிக்கு ஆபீஸ், காலேஜ் கூட்டம் ஏறும்போதுதான் இடம் விலகும். அதே அம்மாவை இரண்டு பஸ்ஸிலும் எடுங்கள்.

முகத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் பாட்டியை பஸ்ஸை விட்டு இறக்கியது நினைவிருக்கும். அவர் நியாயம் கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பஸ்காரர்கள் மேல் நடவடிக்கை வந்தது, சந்தோஷம். ஆனால் அம்மா சொன்னது வேறு: “நானா இருந்தா அத என் பேரப்புள்ள பாக்க வேணாம்னு நெனப்பேன்.”

அப்புறம், ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். வரத்து குறையும், பாதிப் பேர் வரமாட்டார்கள். அதற்குள் முடியுங்கள்.

மிஷன் வீதி:
இன்டர்வியூவுக்குப் போகிற பையன் சட்டையில் மீன் தண்ணி சொட்டினால் அவன் விலகாமல் என்ன செய்வான்? மீன்காரம்மாவிடம் அனுமதி கேட்கச் சொல்கிறீர்கள். மூக்கைப் பொத்துகிறவனிடம் கேட்க வேண்டாமா?

கெடிலம்கரை:
நியாயமான கேள்வி. சட்டை கெடுமே என்று விலகுவதும், கூடை தெரிந்த உடனே எழுந்து போவதும் ஒன்றில்லை. ஆனாலும் பயணிகளின் முகத்தை எடுக்கப்போவதில்லை. கை, கைக்குட்டை, தூக்கிப் பிடித்த புடவைக் கரை, அவ்வளவுதான்.

ஆயாவிடம் சொன்னேன். பரணிலிருந்து பழைய அன்னக்கூடையை இறக்கச் சொல்லிவிட்டார். ஒரு பக்கக் காது உடைந்து, கம்பி சுற்றி வைத்திருக்கிறது. வியாழக்கிழமை முதல் நடையும் எட்டு மணி பஸ்ஸும், கூடவே வருகிறாராம். கூடை காலியாகவே இருக்கட்டுமா என்று கேட்டேன். “வெறுங்கூடையைத் தூக்கினா அது ஏமாத்து வேலைடா. ரெண்டு கிலோ கவளை வாங்கு.”