சி-பாப் கருவிக்குத் தமிழ்ப்பெயர், வெள்ளி மாலைக்குள்

நாகர்கோவிலிலிருந்து:

அன்புடையீர், உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் மாஸ்க் வழியாகக் காற்றுப் பெறும் சி-பாப் கருவியை, படுக்கை வைத்த வேன்களில் பேட்டரியில் ஓட்டுவது பற்றி இரண்டு பக்கத் தாள் ஒன்று வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. பெயர்தான் இடிக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தொடர் நேர் காற்றுவழி அழுத்தக் கருவி'. அதை இணைப்புப் பத்தியில் போட்டால் இப்படி ஆகிறது: "நேர் அழுத்தக் கருவியின் நேர்த்திசை மாற்றியை பேட்டரியின் நேர்முனையில் இணைக்கவும்." ஒரே வரியில் மூன்று நேர், மூன்றுக்கும் வேறு வேறு பொருள்: ஒன்று காற்றழுத்தம், ஒன்று டிசி மின்சாரம், ஒன்று பிளஸ் முனை. இரவில் டார்ச் வெளிச்சத்தில் இதைப் படிப்பவர் எந்த ஒயரை எங்கே மாட்டுவார்?

ஆரல்வாய்மொழியிலிருந்து:

'வளியழுத்தி'. ஆறே எழுத்து. காற்று என்பது வெளியே வீசுவது. எங்கள் கணவாயில் காற்றாலையைச் சுற்றுவது அது. உடம்புக்குள் போய்வருவது வளி. தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழுவதை வளி என்றே சொல்கிறார். சித்த மருத்துவத்திலும் வளி, அழல், ஐயம். அழுத்து என்ற வினையோடு இகர விகுதி. இதில் என்ன குறை?

குளச்சலிலிருந்து:

அண்ணாச்சி, சித்த மருத்துவத்தில் வளி என்றால் வாதம், வாயு. வாயு என்றதும் இங்கே ஆட்கள் வயிற்றைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அதை அழுத்துகிற கருவி என்றால் வேறு எதையோ நினைப்பார்கள். இன்னொன்று, 'அழுத்தி' எச்சமாகவும் நிற்கும். ஏற்கெனவே மாஸ்க் போட்டால் மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவரிடம், வளி என்றால் மூச்சுதான் என்று விளக்கி இதை நீட்டினால், மூச்சை அழுத்தி என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்.

கருவி எதையும் அழுத்திப் பிடிப்பதும் இல்லை. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி மூடிக்கொள்கிறது. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் காற்றை ஊதி அந்த வழியைத் திறந்தே வைக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் சொல்வது 'மாஸ்க் மெஷின்'.

தக்கலையிலிருந்து:

ஊதுவது என்று அம்மையாரே சொல்லிவிட்டார். ஊதுகிற கருவிக்குத் தமிழில் பெயர் இல்லையா? கொல்லன் உலையில் காற்றடிக்கும் துருத்தி! குறுந்தொகையில் ஏழூர் வேலைக்கும் பொதுவாக ஓரூரில் அமைத்த உலைத்தோல் வருகிறது. ஓய்வில்லாமல் ஊதுவது, 'தொடர்' என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? துருத்து என்றால் முன் தள்ளு. கண் துருத்துகிறது, நாக்கைத் துருத்துகிறான் என்கிறோம். ஆற்றின் நடுவே துருத்தி நிற்கும் மேடும் துருத்திதான், திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள். ஆகவே 'உறக்கத் துருத்தி'. கருவியும் தமிழ், நோயும் விளங்கும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

ஐயா, துருத்தி எனக்கும் சம்மதமே. ஆனால் உறக்கம் எதற்கு? அது இங்கே மலையாள வாடை. சென்னையில் படிப்பவனுக்குத் தூக்கம் என்று எழுதுங்கள்.

தக்கலையிலிருந்து:

1956க்கு முன்பு நாம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த பாவத்துக்கு நம் வாயில் இருக்கும் நல்ல தமிழெல்லாம் மலையாளமாகிவிடுமா? தூங்குதல் என்றால் பழைய பொருள் தொங்குதல். உறங்குதல்தான் உறங்குதல். குறள் 339ஐப் பாருங்கள், 'உறங்குவது போலும்' என்றுதான் தொடங்குகிறது.

குளச்சலிலிருந்து:

ஐயா, அதற்கு அடுத்த சொல் 'சாக்காடு'. நோயாளி கையில் கொடுக்கிற தாள் இது. அந்தக் குறள் வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

பெயர் ஒருபக்கம் நடக்கட்டும். வரைவிலுள்ள கணக்கை முதலில் திருத்த வேண்டும். "100 ஆம்பியர்-மணி பேட்டரி போதும்" என்று மொட்டையாக எழுதினால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஈரமூட்டியும் சூடேறும் குழாயும் அணைந்திருந்தால், அழுத்தம் 10 சென்டிமீட்டர் வாக்கில், கருவி சுமார் 15 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணி. வோல்ட்டை ஏற்றித் தரும் மாற்றியின் (கன்வெர்ட்டர்) இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 11 ஆம்பியர்-மணி. ஈரமூட்டியும் சூடேறும் குழாயும் ஓடினால் 50 வாட்டைத் தாண்டும். அதையும் இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் ஒரே இரவில் 40க்கு மேல் போய்விடும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படியானால் 100இல் நம் கையில் இருப்பது 50. சூடு இல்லாமல் நான்கு இரவு, சூட்டோடு ஒரே இரவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 வரை எடுக்கலாம்.

இன்வெர்ட்டரே வேண்டாம் என்று எழுதுங்கள். 12ஐ 230 ஆக்கி, அதைக் கருவியின் அடாப்டர் மறுபடி 24 ஆக்குவது வீண்; சும்மா இருந்தாலும் இன்வெர்ட்டர் தின்னும். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, 11 இரண்டும் 24 வோல்ட், அவற்றுக்கு 12-24 மாற்றி வேண்டும். பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் 12 வோல்ட்டிலேயே ஓடும். இன்வெர்ட்டர்தான் கதி என்றால் சைன் அலை மட்டும். சதுர அலையில் ஈரமூட்டி போகும்.

அடிக்கடி நடப்பது இது: பேட்டரி பாதி இருக்கும், கருவி நடுராத்திரி நின்றுவிடும். பேட்டரியைக் குறை சொல்வார்கள். குற்றவாளி ஒயர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் 7 ஆம்பியரில் 1.2 வோல்ட் வழியிலேயே கரையும். பாதி இறங்கிய பேட்டரியில் 12.1 இருக்கும், மாற்றிக்கு 11கூடப் போய்ச்சேராது, அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் வேண்டாம், குலுக்கலில் தளரும், சூடேறும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைத் தொடவே கூடாது. தனி பேட்டரி, நடுவில் இரண்டையும் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர். வீட்டு டியூபுலர் பேட்டரியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறவர்களும் உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், அது படுக்கிற அறைக்குள் இருக்கவே கூடாது.

நாகர்கோவிலிலிருந்து:

நன்றி அண்ணாச்சி, அப்படியே சேர்க்கிறேன். கடற்கரையில் நிறுத்தும்போது ஈரமூட்டி தேவையா?

குளச்சலிலிருந்து:

சன்னல் திறந்திருந்தால் பெரும்பாலோருக்கு வேண்டாம், முட்டத்திலும் கோவளத்திலும் காற்றிலேயே ஈரம் போதுமான அளவு இருக்கிறது. ஏசி போட்டால் காற்று வறண்டுவிடும், தொண்டை காயும். அப்போதும் சூட்டை அணைத்துவிட்டு ஈரமூட்டியின் தொட்டியில் வெறும் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம். குழாய்க்குள் தண்ணீர் கோர்த்துக் களகள என்றால் கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். வண்டி நகரும் முன் தொட்டியைக் கழற்றிக் கொட்டிவிட வேண்டும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் சாய்ந்தால் தண்ணீர் நேரே மோட்டாருக்குள் போகும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

தாளில் இன்வெர்ட்டர், ஐசொலேட்டர், அடாப்டர், சாக்கெட் எல்லாம் அப்படியே நிற்கின்றன. பிறகு இந்த ஒன்றுக்கு மட்டும் எதற்குத் தமிழ்?

மார்த்தாண்டத்திலிருந்து:

கடையில் போய் 'தனிப்படுத்தி' கொடுங்கள் என்றால் கடைக்காரர் நம்மைத்தான் தனியே அனுப்புவார். வாங்க வேண்டிய சாமானுக்குக் கடைப்பெயர். கருவி என்ன செய்கிறது என்று விளங்க வேண்டிய இடத்தில் தமிழ்ப்பெயர். துருத்திக்குப் பதில், காற்றை ஊதுவதால் 'காற்றூதி' என்போம், என் ஓட்டு அதற்கே.

குளச்சலிலிருந்து:

எனக்கும் காற்றூதி சரி. துருத்தி என்றால் இளசுகளுக்குத் தெரியாது, தெரிந்த பெரியவர்களுக்குக் கொல்லன் உலை ஞாபகம் வரும்.

தக்கலையிலிருந்து:

ஊதியில் பணிகிறேன், உறக்கத்தில் பணியமாட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து:

வேறு யாரும் பேசவில்லை, மணியும் ஆகிவிட்டது. தலைப்பில் 'உறக்கக் காற்றூதி என்னும் சி-பாப்', உள்ளே முழுக்க சி-பாப். மோட்டார்ஹோமுக்கு 'வேன்' போதும். கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி என்று நினைப்பார்கள். அழுத்தத்துக்கு முன்னால் இருந்த 'நேர்' எல்லாம் எடுத்தாயிற்று. பேட்டரிக்கு 'பிளஸ் முனை, சிவப்பு ஒயர்' என்றே போட்டுவிட்டேன். 15 ஆம்பியர் ஃப்யூஸ், பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

உள்ளே முழுக்க சி-பாப் என்றால் தலைப்பில் தமிழ் வெறும் தோரணம். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த அச்சில் 'வளியூதி' பற்றி மறுபடி பேசுவோம்.

குளச்சலிலிருந்து:

அடுத்த அச்சில் பேசுங்கள். இந்த அச்சில் தண்ணீர்த் தொட்டி வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.