50 ஹெர்ட்ஸின் இருபக்கமும் மேடு தெரிகிறது: ரோட்டார் பார் உடைந்ததா, எஃப்எஃப்டி தந்த தோற்றமா?

ரோட்டார்23:
வணக்கம். நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்பில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். ஒரு 4 போல் இண்டக்‌ஷன் மோட்டாரில் ரோட்டார் பார் (சுழலும் பகுதியில் உள்ள கடத்திக் கம்பி) உடைந்திருக்குமோ என்று சந்தேகம். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மாட்டி, நொடிக்கு 1000 வீதம் 256 சாம்பிள் எடுத்தேன். அப்போது லோடில் டேக்கோமீட்டர் நிமிடத்துக்கு 1472 சுற்று காட்டியது.

எஃப்எஃப்டி (எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டால் 50 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கோடு வரவில்லை. 46.9, 50.8 என்று இரண்டு புள்ளிகளில் பிரிந்து நின்றது. அப்புறம் பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்து 4096 ஆக்கினேன். வரைபடம் வழவழப்பாகி, உச்சி ஏறக்குறைய 50-க்கு வந்துவிட்டது. ஆனால் 44.4, 55.6 பக்கம் இரண்டு மேடுகள், வெளியே இன்னும் சிறிய மேடுகள். பார் உடைந்தால் 50-க்கு இருபக்கமும் வரும் பக்கப்பட்டைகள் இவைதானா? ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைக் கழற்றலாம் என்கிறார்கள். சாம்பிள்களின் அதிர்வெண் வரைபடத்தில் டிடிஎஃப்டி தொடர்ச்சியானது, டிஎஃப்டி (எஃப்எஃப்டி வேகமாகக் கணக்கிடுவது இதைத்தான்) தனித்தனிப் புள்ளிகள் என்று கல்லூரியில் படித்தேன். இங்கே நான் பார்ப்பது எதை?

காயில்கட்டு:
தம்பி, கழற்ற வேண்டாம். முதலில் ஒரு கணக்கு. பார் உடைந்தால் பக்கப்பட்டை 50-லிருந்து 2 × ஸ்லிப் × 50 தள்ளி நிற்கும். ஸ்லிப் என்பது 1500 என்ற ஒத்திசைவு வேகத்திலிருந்து ரோட்டார் பின்தங்கும் விகிதம். உங்கள் மேடு 5.6 தள்ளி நிற்கிறது. அப்படியானால் ஸ்லிப் 5.6 சதவீதம், வேகம் 1416 ஆக இருக்க வேண்டும். டேக்கோமீட்டர் சொல்வது 1472. அந்த மேடு மோட்டாரிலிருந்து வரவில்லை.

எங்கிருந்து வந்தது? உங்கள் கையில் இருப்பது 0.256 நொடித் துண்டு. அந்தத் துண்டுக்கு ஒரே ஒரு தொடர்ச்சியான வளைகோடு உண்டு, அதுதான் டிடிஎஃப்டி. 256 புள்ளி எஃப்எஃப்டி அந்த வளைகோட்டின் உயரத்தை 3.9 ஹெர்ட்ஸுக்கு ஒரு இடத்தில் அளக்கிறது. 50 அந்த இடங்களில் இல்லை, 12-ஆம் புள்ளிக்கும் 13-ஆம் புள்ளிக்கும் நடுவே விழுகிறது. அதனால்தான் பிரிந்து தெரிந்தது. பூஜ்யம் சேர்த்தபோது அதே வளைகோட்டை 0.244-க்கு ஒரு முறை அளந்தீர்கள். மோட்டாரைப் பற்றிப் புதிதாக ஒன்றும் உள்ளே வரவில்லை.

மேட்டை உண்டாக்கியது வெட்டு. முடிவில்லாத 50 ஹெர்ட்ஸ் அலையை 0.256 நொடிக்கு வெட்டினால் ஒற்றைக் கோடு ஒரு குன்றாக விரிகிறது. இருபக்கமும் 3.9-ல் பூஜ்யத்தைத் தொட்டு மறுபடி எழும்பும். முதல் எழும்பல் 3.9-ஐப் போல் ஏறக்குறைய 1.43 மடங்கில், அதாவது 5.6-ல் வரும். உயரம் உச்சியைவிட 13 டெசிபல் குறைவு. உங்கள் 44.4, 55.6 அதுதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கணினியில் சுத்தமான 50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்று உண்டாக்கி 240 சாம்பிள் மட்டும் எடுங்கள். சரியாக 12 சுற்று. பூஜ்யம் சேர்க்காமல் எஃப்எஃப்டி போட்டால் 12-ஆம் புள்ளியில் ஒற்றைக் கோடு (மறுபாதியில் அதன் எதிர் அதிர்வெண்), மற்றதெல்லாம் பூஜ்யம். மேடுகள் போய்விட்டன என்று தோன்றும். போகவில்லை. வளைகோடு பூஜ்யத்தைத் தொடும் இடங்களிலேயே நாம் அளந்திருக்கிறோம், அவ்வளவுதான். பூஜ்யம் சேர்த்துப் பாருங்கள், எல்லாம் திரும்பி வரும். இந்த ஒரு சோதனை எனக்குப் பாடப்புத்தகத்தைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இதே மேட்டை நம்பி வெகுநாள் முன்பு நான் ஒரு மோட்டாரைத் திறக்கச் சொன்னேன். ரோட்டாரில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு ஷிஃப்ட் வேலை நின்றது. அந்த நாளை நான் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1472-க்குப் பக்கப்பட்டை 48.13, 51.87-ல் வரவேண்டும், 50-க்கு 1.87 பக்கத்தில். உங்கள் குன்றின் சரிவே 3.9 வரை போகிறது. அதற்குள் புதைந்திருப்பதை எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும் பிரிக்க முடியாது. நேரத்தைத்தான் நீட்ட வேண்டும். லோடு மாறாமல் 8 நொடி எடுங்கள். ஹான் விண்டோ (துண்டின் இரு முனைகளையும் மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்கும் பெருக்கல்) போடுங்கள்: குன்று இரண்டு மடங்கு அகலமாகும், ஆனால் பக்க மேடு உச்சியைவிட 31 டெசிபல் கீழே இறங்கி, வெளியே போகப் போக வேகமாகத் தேயும். உடைந்த பாரின் பட்டை பெரும்பாலும் உச்சியைவிட 40 டெசிபல் கீழே சுற்றித்தான், நூறில் ஒரு பங்கு உயரம்தான் இருக்கும். விண்டோ இல்லாமல் அதை நம்பிப் பார்க்க முடியாது.

சாம்பிள்_நேரம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சந்தேகம் வந்தால் பதிவின் நீளத்தை இரட்டிப்பாக்குங்கள். வெட்டினால் வந்த மேடு 5.6-லிருந்து 2.8-க்கு நகரும். மோட்டாரிலிருந்து வந்தது இருந்த இடத்திலேயே இருக்கும். 256 புள்ளி வரைபடத்தில் 243-ஆம் புள்ளி பக்கம் தெரியும் இன்னொரு உச்சியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது −50 ஹெர்ட்ஸ்.

ரோட்டார்23:
செய்துவிட்டேன். 240 சாம்பிள் சோதனையில் நீங்கள் சொன்னபடியே மேடு மறைந்தது, பூஜ்யம் சேர்த்ததும் திரும்பி வந்தது. அதை நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மோட்டாரில் 8 நொடி, ஹான் விண்டோ: 44.4-லும் 55.6-லும் ஒன்றுமே இல்லை. 48.1, 51.9-ல் மெல்லிய இரண்டு கோடுகள், 57 டெசிபல் கீழே. இது கவலைப்படும் அளவா?

காயில்கட்டு:
இல்லை தம்பி. நல்ல ரோட்டாரிலும் இவ்வளவு தெரியும், பார்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்தப் பதிவைத் தேதி, வேகம், ஆம்பியர் எழுதிச் சேமித்துவையுங்கள். அடுத்த மாதம் அதே லோடில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.