ஒரே ரூட் பாஸ்வேர்ட், அஞ்சு பேர்: எஸ்எஸ்எச் திறப்புக்கு மாறுறது என்ன மாதிரி?

ஆடியபாதம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொக்குவில்ல சின்ன சொப்ட்வெயார் ஒப்பீஸ், நாங்கள் அஞ்சு பேர். சிங்கப்பூரில மூண்டு கிளவுட் சேர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிறம். மூண்டும் உபுண்டு 22.04. இவ்வளவு நாளும் மூண்டுக்கும் ஒரே ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) பாஸ்வேர்ட், அதுவும் வட்ஸ்அப் குறூப்பில கிடக்கு. வாற மாசம் ஒராள் கனடாவுக்குப் போறார். அதுக்கு முன்னம் எல்லாரையும் எஸ்எஸ்எச் (தூரத்துச் சேர்வருக்குள்ள பாதுகாப்பாப் போற வழி) திறப்புக்கு, அதாவது கீக்கு, மாத்தி, பாஸ்வேர்ட் லொகினை அடியோட நிப்பாட்ட வேணும்.

ஒரு சேர்வரில செய்து பாத்தன். ‘டிப்ளோய்’ எண்டு ஒரு யூசர் போட்டு, என்ர லினக்ஸ் லப்டொப்பில ஆர்எஸ்ஏ திறப்பு ஒண்டு உருவாக்கி, பப்ளிக் கீயை (திறப்பில சேர்வருக்குக் குடுக்கிற பாதி) சேர்வரில ஏற்கிற திறப்புகளின்ர பட்டியலான ஓதரைஸ்ட்_கீஸ் பைலில ஒட்டினன். ஆனாலும் பாஸ்வேர்ட் தான் கேக்குது. எங்க பிழை? அதோட எந்த வகைத் திறப்பு நல்லது? அஞ்சு பேருக்கும் ஒரே திறப்பைக் குடுத்தால் சுகம் எண்டு ஒராள் சொல்லுறார், அது சரியோ? ரெண்டு பேர் விண்டோஸில புட்டி எண்ட எஸ்எஸ்எச் மென்பொருள் பாவிக்கினம்.

வல்லைவெளி எழுதியது:

தம்பி, ஒரே திறப்பு எண்ட கதையை முதல்ல விடுங்கோ. அது பாஸ்வேர்டை வட்ஸ்அப்பில போட்டு வைச்சிருக்கிறதுக்குச் சமன். ஒராள் விலகினால் மிச்ச நாலு பேருக்கும் புதுசு செய்ய வேணும். ராவு ரெண்டு மணிக்கு ஆர் உள்ள வந்தது எண்டு லொக் பாத்தாலும் கண்டுபிடிக்கேலாது. கணக்கு இதுதான்: ஒராள், ஒரு மெஷின், ஒரு திறப்பு. ஒராளிட்ட லப்டொப்பும் ஒப்பீஸ் கொம்பியூட்டரும் இருந்தால் அவருக்கு ரெண்டு திறப்பு. பிரைவேட் கீ (திறப்பில உங்களிட்ட மட்டும் இருக்கிற பாதி) பிறந்த மெஷினை விட்டு வெளிக்கிடக் கூடாது. பென் டிரைவ், ஈமெயில், கூகிள் டிரைவ் ஒண்டும் வேண்டாம். லப்டொப் தொலைஞ்சால் சேர்வரில ஒரு வரியை அழிச்சுப்போட்டுப் புதுசு உருவாக்கலாம். பிரைவேட் கீக்கு பக்கப் தேவைப்படாததும் அதாலதான்.

வகை: ஈடி25519. சேர்வரில ஓடுற எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில, 2014 இல வந்த 6.5 இல இருந்து இருக்கு, உபுண்டு 22.04 இல பிரச்சினை இல்லாமல் ஓடும். கொமாண்ட் இது:

எஸ்எஸ்எச்-கீஜென் -ரி ஈடி25519 -ஏ 100 -சி பெயர்-லப்டொப்-2025

தட்டேக்க ஆங்கிலத்தில தட்டுங்கோ. எல்லாம் சின்ன எழுத்து, கொமெண்ட் போடுற ‘சி’ மட்டும் கப்பிட்டல். ‘ஏ 100’ எண்டது, பாஸ்பிரேஸில (பிரைவேட் கீ பைலுக்கு நீங்கள் வைக்கிற ரகசியச் சொற்றொடர்) இருந்து பைலைப் பூட்டுற கணக்கை எத்தினை சுற்று ஓட்டுறது எண்டது. பைல் களவு போனால், பாஸ்பிரேஸை ஊகிச்சு ஊகிச்சுப் பாக்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நேரம் பிடிக்கும். உங்களுக்கு லொகினில கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். கொமெண்டை வடிவா எழுதுங்கோ. ரெண்டு வருசத்தால அந்த வரி ஆற்றை எண்டு சொல்லப் போறது அது ஒண்டுதான்.

பாஸ்பிரேஸை வெறுமையா விடவேண்டாம். ஒண்டோட ஒண்டு சம்பந்தமில்லாத அஞ்சு சொல் காணும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில எழுதினால் நல்லம். தமிழ் எழுத்திலேயே வைச்சால், லினக்ஸ் கறுப்புத் திரைக் கொன்சோலில தமிழ் கீபோர்ட் வராது, அந்த நேரம் மாட்டுப்படுவியள். மறந்தால் மீட்க வழியே இல்லை.

ஆர்எஸ்ஏ பிழை எண்டு இல்லை. பழைய ரவுட்டர், சுவிட்ச் எண்டால் 3072 அல்லது 4096 பிட்டில அதுதான் வேணும். டிஎஸ்ஏயைத் தொடவே வேண்டாம், 2025 இல வந்த 10.0 இல அதை முழுசா எடுத்துப்போட்டாங்கள்.

சங்குப்பிட்டி எழுதியது:

திறப்பு இருந்தும் பாஸ்வேர்ட் கேட்கிறதென்றால் ஊகிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் பாருங்கள். லப்டொப்பில் ‘எஸ்எஸ்எச் -வி’ போட்டு இணையுங்கள். ‘ஒஃபரிங் பப்ளிக் கீ’ என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உங்கள் மெஷின் அந்தத் திறப்பை நீட்டவே இல்லை. பைல் பெயரை மாற்றி வைத்திருப்பீர்கள். ‘-ஐ’ போட்டுப் பைலைக் காட்ட வேண்டும். வரி வந்தும் சேர்வர் ஏற்கவில்லையென்றால் காரணம் சேர்வர் லொக்கில் இருக்கும். வார், லொக் என்ற ஃபோல்டருக்குள் ஓத் டொட் லொக். கிளையன்ட் பக்கத்தில் எத்தனை ‘வி’ போட்டாலும் அந்தக் காரணம் தெரியாது. தாக்குகிறவனுக்கு உதவக்கூடாது என்பதற்காகச் சேர்வர் வேண்டுமென்றே சொல்வதில்லை.

அடிக்கடி காண்கிற காரணங்கள்: யூசரின் ஹோமில் இருக்கும் புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டரின் அனுமதி எண் 700, ஓதரைஸ்ட்_கீஸ் 600 ஆக, அதாவது சொந்தக்காரருக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். ரூட்டாக இருந்துகொண்டு அந்த ஃபோல்டரை உருவாக்கினால் உரிமை ரூட்டிடம் போய்விடும். டிப்ளோய் யூசரால் அதைத் திறக்க முடியாது, ‘சி-ஓன்’ கொமாண்டால் உரிமையை மாற்ற வேண்டும். ஒட்டும்போது பப்ளிக் கீ இரண்டு வரியாக உடைந்திருக்கலாம். ஒரு திறப்பு ஒரே வரியில் இருக்க வேண்டும். ஈடி25519 என்றால் நடுவில் வரும் குறியீட்டுத் துண்டு சரியாக 68 எழுத்து, எண்ணிப் பாருங்கள். வட்ஸ்அப் வழியாக வந்த திறப்பில் இந்தக் கோளாறு அதிகம். பப்ளிக் கீயைச் சேர்வரில் சேர்க்கும் ‘எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி’ கொமாண்டைப் பாவித்தால் உரிமை, அனுமதி, வரி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆடியபாதம் எழுதியது:

நன்றி. லொக்கில இந்த வரி கிடக்கு: ‘ஓதென்டிகேஷன் ரிஃபியூஸ்ட்: பாட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ் ஃபோர் டிரெக்டரி’, அதுக்குப் பிறகு டிப்ளோயின்ர ஹோம் ஃபோல்டர் பெயர். புள்ளி எஸ்எஸ்எச் 700 தான், பைலும் 600 தான்.

சங்குப்பிட்டி எழுதியது:

வரியை மறுபடி வாசியுங்கள். அது குறை சொல்வது புள்ளி எஸ்எஸ்எச்சை அல்ல, அதற்கு மேலே இருக்கும் ஹோமை. யாரோ அதற்கு 777 அல்லது 775 (மற்றவர்களும் எழுதலாம்) கொடுத்திருக்கிறார்கள். வெப்சைட் பைல் ஏற்றும்போது இது நடக்கிறது. ஹோமில் வேறொருவர் எழுதலாம் என்றால், அவர் உள்ளே இருக்கும் புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டரையே பெயர் மாற்றிவிட்டுத் தன்னுடையதை வைக்கலாம். அதனால்தான் சேர்வர் மறுக்கிறது. ‘சிமொட் 755’ போதும், 750 இன்னும் நல்லது. இந்தச் சோதனையைச் செய்யும் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் செட்டிங்கை ‘நோ’ ஆக்கச் சொல்லி இணையத்தில் யோசனை வரும். செய்யாதீர்கள். வெப் பைல்களை ஹோமுக்கு வெளியே, வார் ஃபோல்டருக்குள் டப்ளியூ டப்ளியூ டப்ளியூவில் வையுங்கள்.

ஆடியபாதம் எழுதியது:

777 தான் இருந்தது. 750 ஆக்கின உடன திறப்பால உள்ள போகுது. அடுத்தது: சேர்வரின்ர எஸ்எஸ்எச் செட்டிங் இருக்கிற எஸ்எஸ்எச்டி_கொன்பிக் பைலில ‘பாஸ்வேர்ட்ஓதென்டிகேஷன் நோ’ போட்டு ரீஸ்டார்ட் செய்தன். இன்னும் பாஸ்வேர்டால போகலாம்!

வல்லைவெளி எழுதியது:

கிளவுட் உபுண்டுவில கன பேர் தடக்குப்படுற இடம் இது. அந்த பைலின்ர மேல் வரியில ஒரு ‘இன்க்ளூட்’ கிடக்கும். அது எஸ்எஸ்எச்டி_கொன்பிக் டொட் டி எண்ட ஃபோல்டரில இருக்கிற பைல்களை முதல்ல வாசிக்கும். அதுக்குள்ள ‘50-கிளவுட்-இனிட்’ எண்டு ஒரு பைல், அதில ‘பாஸ்வேர்ட்ஓதென்டிகேஷன் யெஸ்’. எஸ்எஸ்எச் சேர்வர் ஒரு செட்டிங்கை முதல்ல எங்க காணுதோ அதைத்தான் எடுக்கும், கடைசியாக் காண்கிறதை இல்லை. நீங்கள் கீழ எழுதினது எடுபடாது.

அதே ஃபோல்டரில ‘10-திறப்பு டொட் கொன்ஃப்’ மாதிரி ஒரு பைல் போடுங்கோ. பெயரை ஆங்கிலத்தில வையுங்கோ, 50 க்கு முன்னம் வந்தால் சரி. உள்ள மூண்டு வரி: பாஸ்வேர்ட்ஓதென்டிகேஷன் நோ, கேபிடிஇன்டராக்டிவ்ஓதென்டிகேஷன் நோ, பெர்மிட்ரூட்லொகின் நோ. ரெண்டாவதை விட்டால் பாஸ்வேர்ட் வேற வாசலால வரப் பாக்கும். பிறகு சின்ன ‘ரி’ போட்டு ‘எஸ்எஸ்எச்டி -ரி’ ஓட்டினால் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லும். கப்பிட்டல் ‘ரி’ போட்டால் உண்மையில எந்த செட்டிங் நடைமுறையில இருக்கு எண்டு முழுப் பட்டியலும் வரும். அதில ‘பாஸ்வேர்ட்’ எண்டு தேடி ‘நோ’வைக் கண்ணால கண்ட பிறகு தான் ரீஸ்டார்ட்.

கவனம்: ரூட்டை அடைக்க முன்னம் அஞ்சு பேருக்கும் தனித்தனி யூசர் போட்டு சூடோ (ரூட் அதிகாரத்தோட கொமாண்ட் ஓட்ட விடுறது) குறூப்பில சேருங்கோ. அவைக்கு ஒரு பாஸ்வேர்டும் வைக்க வேணும். லொகினுக்கு அது எடுபடாது, ஆனால் சூடோ கேக்கும். ரீஸ்டார்ட் செய்யேக்க பழைய செஷனை மூடாமல் வைச்சுக்கொண்டு, இன்னொரு ஜன்னலில புதுசா உள்ள போய்ப் பாருங்கோ. திறந்திருக்கிற செஷன் ரீஸ்டார்டில அறுபடாது. ஆனால் கரண்ட் போய் ரவுட்டர் நிண்டால் அறுபடும். அதால சேர்வர் குடுக்கிற கொம்பனியின்ர வெப் கொன்சோலுக்குள்ள ஒருக்கா முன்கூட்டியே போய்ப் பாத்து வையுங்கோ.

கள்ளியங்காடு எழுதியது:

புட்டி ஆக்களுக்கு: திறப்பு உருவாக்கிற புட்டிஜென்னில ஈடிடிஎஸ்ஏ எண்டதைத் தெரிவு செய்து 25519 எடுங்கோ. அங்க ‘சேவ் பப்ளிக் கீ’ பொத்தான் தாறது வேற வடிவம், நாலு கோட்டோட ‘பிகின்’ எண்டு தொடங்கிப் பல வரி வரும். அதைச் சேர்வரில ஒட்டினால் வேலை செய்யாது. மேல பெட்டிக்குள்ள ஒரே வரியாக் கிடக்கிறதைத்தான் முழுசாக் கொப்பி பண்ண வேணும். பெட்டி சின்னன், கண்ணுக்குத் தெரியிற பகுதியை மட்டும் எடுத்துப்போடுவினம். உள்ள கிளிக் செய்து ‘கன்ட்ரோல் ஏ’ அடியுங்கோ.

வேர்ஷனையும் பாருங்கோ. புட்டி 0.68 தொடக்கம் 0.80 வரைக்கும், என்ஐஎஸ்டி பி-521 வகைத் திறப்பு பாவிச்சிருந்தால், கையொப்பங்களைச் சேத்து பிரைவேட் கீயையே கண்டுபிடிக்கலாம். 2024 ஏப்ரலில வந்த 0.81 இல திருத்தினவை. மென்பொருளைப் புதுப்பிச்சால் மட்டும் போதாது, அந்த வகைப் பழைய திறப்பு இருந்தால் எல்லா இடத்திலயும் அழிக்க வேணும். 0.75 க்கு முந்தினது எண்டால் ஆர்எஸ்ஏ திறப்பும் 22.04 இல மறுக்கப்படும்; பழைய ஷா-1 கையொப்பத்தை ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 இலயே நிப்பாட்டியாச்சு.

உண்மையில புட்டி தேவையும் இல்லை. விண்டோஸ் 10, 11 இல ஓப்பன்எஸ்எஸ்எச் கூடவே வருது. எஸ்எஸ்எச்-ஏஜென்ட் (திறப்புகளை நினைவில வைச்சு நீட்டுறது) சேர்விஸ் மட்டும் முடக்கி இருக்கும், அட்மினா போய் ‘ஓட்டோமட்டிக்’ ஆக்கி விடுங்கோ. எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி விண்டோஸில இல்லை, அதால பப்ளிக் கீயைக் கையால சேக்க வேணும். சேக்கேக்க ரெண்டு அம்புக்குறி (>>) போடுங்கோ. ஒரு அம்புக்குறி எண்டால் அந்த பைலில ஏற்கனவே இருக்கிற வரியெல்லாம் அழிஞ்சு போகும்.

சங்குப்பிட்டி எழுதியது:

கனடா போகிறவரின் விடயம். ‘பாஸ்வேர்ட் லொக்’ செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘பாஸ்டபிள்யூடி -எல்’ அடைப்பது பாஸ்வேர்டை மட்டும்; உபுண்டுவின் வழமையான அமைப்பில் திறப்பால் அவர் தொடர்ந்து உள்ளே வரலாம். ‘யூசர்மொட்’ கொமாண்டில் எக்ஸ்பயர்டேட்டை 1 ஆக்குங்கள், கணக்கே காலாவதியாகும். பிறகு அவருடைய வரிகளை ஒவ்வொரு சேர்வரிலும், ஒவ்வொரு யூசரின் ஹோமிலும், ரூட்டிலும் தேடி எடுங்கள். ஓதரைஸ்ட்_கீஸ்2 என்ற பைலையும் சேர்வர் வாசிக்கும்; அதைப் பார்க்க எல்லோரும் மறக்கிறார்கள். வரியை அழிப்பதால் ஏற்கனவே திறந்திருக்கும் செஷன் மூடாது. ‘ஹூ’ போட்டு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர் இருந்தால் ‘பீகில்’ கொமாண்டால் நிறுத்துங்கள். அவருடைய கிரொன் (நேரம் வைத்துத் தானாக ஓடும்) வேலைகள், கோட் வைக்கும் கிட் தளத்தில் இருக்கும் டிப்ளோய் திறப்பு, கிளவுட் கொம்பனியின் வெப் கணக்கு ஆகியவையும் இருக்கின்றன. வெப் கணக்கு கையில் இருந்தால் கொன்சோலால் எல்லாவற்றையும் தாண்டலாம்.

பழைய ரூட் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் அழித்தாலும் ஐந்து போனிலும் பக்கப்பில் இருக்கும்.

ஆடியபாதம் எழுதியது:

மூண்டு சேர்வரிலயும் செய்து முடிச்சாச்சு. ரெண்டு விசயம். ஒண்டு, என்ர ஏஜென்டில இப்ப எட்டுத் திறப்பு, ஒரு சேர்வர் ‘டூ மெனி ஓதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ எண்டு துரத்துது. மற்றது, ரூட்டின்ர ஓதரைஸ்ட்_கீஸில ஒரு ஆர்எஸ்ஏ வரி கிடக்கு, கொமெண்ட் இல்லை, ஆற்றை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அழிக்கட்டோ?

வல்லைவெளி எழுதியது:

முதலாவது: ஏஜென்ட் இருக்கிற திறப்பெல்லாத்தையும் ஒவ்வொண்டா நீட்டும், சேர்வர் 6 தரத்தோட கதவைச் சாத்தும். உங்கட லப்டொப்பின்ர எஸ்எஸ்எச் கொன்பிக் பைலில அந்தச் சேர்வருக்கு ஐடென்டிட்டிபைல் (எந்தத் திறப்பு எண்டது) எழுதி, கீழ ‘ஐடென்டிட்டிஸ்ஒன்லி யெஸ்’ போடுங்கோ.

ரெண்டாவது: உடன அழிக்க வேண்டாம். எஸ்எஸ்எச்-கீஜென்னுக்கு ‘-எல்எஃப்’ போட்டு அந்த பைலைக் காட்டினால் ஒவ்வொரு வரியின்ர ஃபிங்கர்பிரின்டும் (திறப்பின்ர சுருக்கமான அடையாளம்) ஷா256 எண்டு தொடங்கி வரும். அதை ஓத் டொட் லொக்கிலயும் சுருட்டி வைச்ச பழைய லொக்குகளிலயும் தேடுங்கோ. ‘அக்செப்டட் பப்ளிக்கீ’ வரியில அதே ஃபிங்கர்பிரின்டும், எந்த ஐபியில இருந்து வந்தது எண்டதும் இருக்கும். உங்கட மற்றச் சேர்வரின்ர ஐபி எண்டால் பக்கப் ஸ்கிரிப்டாத்தான் இருக்கும். இப்ப பெர்மிட்ரூட்லொகின் நோ எண்டதால அது ஏற்கனவே நிண்டிருக்கும், இண்டைக்கே பக்கப் ஃபோல்டரைப் போய்ப் பாருங்கோ. அதுக்கு வேற ஒரு யூசர் போட்டு, புதுத் திறப்பு உருவாக்கி, வரியின்ர முன்னால ‘ரெஸ்ட்ரிக்ட்’ (மற்ற வசதிகளை அடைக்கிறது), ‘கொமாண்ட்’ (அந்த ஒரு வேலையை மட்டும் விடுறது), சேர்வரின்ர ஐபி மாறாதது எண்டதால ‘ஃப்ரொம்’ (அந்த ஐபியில இருந்து மட்டும் விடுறது) மூண்டையும் போடுங்கோ. டொங்கிளால (மொபைல் இன்டர்நெட்) இணையிற ஆக்களுக்கு ‘ஃப்ரொம்’ போடாதேங்கோ, ஐபி மாறிக்கொண்டே இருக்கும்.

தெரியாத ஐபி எண்டால் அது வேற கதை. அந்த லொக் வரிகளைக் கொப்பி எடுத்து வைச்சுப்போட்டு, சேர்வரைப் புதுசாக் கட்டுறதைப் பற்றிக் கதைப்பம். லொக்கில ஒண்டுமே இல்லையெண்டால் வரியின்ர முன்னால ஒரு ஹாஷ் (#) போட்டு முடக்கி விடுங்கோ. உபுண்டு வழமையா நாலு கிழமை லொக் தான் வைச்சிருக்கும், மாசத்துக்கு ஒருக்கா ஓடுற வேலை அதில அகப்படாமல் போகலாம். ரெண்டு மாசம் பாத்துப்போட்டு அழியுங்கோ.