பதில்: சோஷியல் ஐசோலேஷன் ஸ்ட்ரெஸ் – ‘தனியடைப்பு உளைச்சல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கூட்டமாக வாழும் விலங்கைத் தனியே அடைத்து வைப்பதால் வரும் ‘சோஷியல் ஐசோலேஷன் ஸ்ட்ரெஸ்’ஸுக்கு என் கட்டுரையில் ‘தனியடைப்பு உளைச்சல்’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘தனிமை மன அழுத்தம்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘தனிமை’ என்றதும் சிங்கப்பூர் வாசகருக்கு வாடகை வீட்டில் தனியே வாழும் முதியவர்தான் நினைவுக்கு வருவார். ‘தனிமைப்படுத்தல்’ என்றால் 2020இல் கோவிட் காலத்தில் ஹோட்டல் அறையில் கழிந்த 14 நாள். ‘மன அழுத்தம்’ இன்னும் மோசம்: ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான், டிப்ரெஷனுக்கும் அதுதான்.

சுண்டெலிக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு நாள் தனியே வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால், மற்ற எலியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. மூளைத்தண்டில் உள்ள சில டோபமைன் நரம்பணுக்கள் அப்போது வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதை 2016இல் காட்டினார்கள். இரண்டு வாரம் தனியே வைத்தாலோ கதை தலைகீழ். புது எலியைக் கூண்டில் விட்டதும் பாய்ந்து கடிக்கிறது. மேலிருந்து நிழல் விழுந்தால் உறைந்துபோகிறது, நிழல் போன பிறகும் அசைவதில்லை. அந்த எலிகளின் மூளையில் பல பகுதிகளிலும் டேக்கிகைனின் வகைப் பெப்டைடு ஒன்று (நரம்பணுக்களுக்கிடையே சேதி கடத்தும் சிறு புரதத் துண்டு) பெருகியிருப்பதை 2018இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் குழு கண்டது. அதன் ஏற்பியை, அதாவது நரம்பணுவில் அது போய் ஒட்டும் இடத்தை, மருந்தால் அடைத்ததும் இந்தக் குணங்கள் அடங்கின. வாரக்கணக்கில் தனியே கிடந்த ஆண் சுண்டெலியின் மூளையில் அல்லோபிரெக்னனலோன் என்ற ஹார்மோன் வகைப் பொருள் குறைவது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். அது நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிக்குத் துணை நிற்கும் பொருள், மூளைக்குப் பிரேக் மாதிரி. அது குறைந்தால் பதற்றமும் சண்டையும்தான்.

ஒரு நாளில் ஒட்டுதல், இரு வாரத்தில் கடி. இரண்டையும் ஓர் உணர்ச்சிச் சொல்லுக்குள் எப்படி அடக்குவது? எலி என்ன உணர்ந்தது என்று அதைக் கேட்க முடியாது. நாம் அதற்கு என்ன செய்தோம் என்பது நன்றாகத் தெரியும். அதைச் சொல்வதுதான் ‘தனியடைப்பு’. விளைவு ‘தனியடைப்பு உளைச்சல்’. பத்திரிகைகள் எழுதும் ‘மனவுளைச்சல்’ பழகிய சொல்தான், ஆனால் இங்கே ஹார்மோனும் சேர்ந்து மாறுவதால் ‘மன’ வேண்டாம். கால அளவு தேவைப்பட்டால் ‘ஒருநாள் தனியடைப்பு’, ‘நெடுநாள் தனியடைப்பு’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

> இனப்பிரிவு உளைச்சல் – ‘இனம் பிரிந்த மான்’ என்பது போல.

அழகான சொல் அக்கா. ஆனால் இன நல்லிணக்க நாள் கொண்டாடும் ஊரில் ‘இனப்பிரிவு’ என்று தலைப்புப் போட்டால் கட்டுரை பத்திரிகை ஆசிரியரின் மேசையைத் தாண்டாது.

> கூட்டத்தை விட்டுப் பிரிந்த நம்மூர் பீஷான் பூங்கா நீர்நாய்க்கு என்ன சொல்?

அதை யாரும் அடைக்கவில்லையே. ‘கூட்டம் பிரிதல்’ போதும்.

அல்லோபிரெக்னனலோனையும் டேக்கிகைனினையும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுகிறேன், தமிழாக்கம் அனுப்ப வேண்டாம். மற்றதில் மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். கட்டுரை அதற்கு மேல் காத்திருக்காது.