தனியாகப் போவதா, குடும்பமாகப் போவதா? கவுன்சலிங் பற்றி உதவி வேண்டும்

வணக்கம். அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நீண்ட நாளாகவே பேச்சு சரியில்லை, அதைப் பார்த்துப் பார்த்து அவர்களுடைய பதின்ம வயதுப் பையன் அறையை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. மூவரும் கவுன்சலிங் போகச் சம்மதித்துவிட்டார்கள், அதுவே பெரிய விஷயம். எதில் தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

நான் படித்தவரை, 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) ஒருவருடைய எண்ணங்களையும் பழக்கங்களையும் எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. பதற்றம், மனச்சோர்வு இருப்பவருக்குத் தனியாகச் செய்வது. தம்பதிகளுக்கு 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்கும் வடிவமைத்த இஎஃப்டி (உணர்வுகளை மையமாகக் கொண்ட சிகிச்சை) இருக்கிறது, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்லாமல் கோபத்துக்கு அடியில் கிடக்கும் பயத்தையும் ஏக்கத்தையும் பேச வைப்பது அதன் வழி. சால்வடார் மினுச்சினின் குடும்ப சிகிச்சையோ பையனை மட்டும் பிரச்சினையாகப் பார்க்காமல், வீட்டில் யார் யாரோடு சேர்கிறார்கள், யார் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்கிறது. எனக்கு இதுதான் பொருத்தம் என்று படுகிறது. (அடி, மிரட்டல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பதற்கு முன் பாதுகாப்பைத்தான் பார்க்க வேண்டும்.)

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஒரே தெரபிஸ்ட் மூவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்ப்பது சரி வருமா? பையன் தனியாகச் சொல்வதில் எவ்வளவு பெற்றோருக்குப் போகும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாமா? அப்புறம், மாமா பாதியில் நின்றுவிட்டால் அக்கா மட்டும் தொடர்வதில் பலன் இருக்குமா?