ஏலகிரியில் பழைய வீடு வாங்கப் போகிறோம்: முன்பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

சத்துவாச்சாரி_வாசி

வணக்கம். அப்பா, அம்மாவோடு வருஷம் முழுக்கத் தங்க ஏலகிரியில் வீடு பார்க்கிறோம். அத்தனாவூரிலிருந்து கொஞ்சம் உள்ளே, சரிவில் 12 சென்ட், 1,000 சதுர அடி தளம் போட்ட வீடு, ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. தாய்ப் பத்திரத்தில் (இந்தச் சொத்தின் முந்தைய பத்திரம்) 'வட ஆற்காடு மாவட்டம்' என்று போட்டிருக்கிறது. ஒரு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது, புரோக்கர் பூச்சு விரிசல்தான் என்கிறார். போர் தண்ணீர் போதுமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பத்திரம்_படிப்பவன்

சார், பட்டாவில் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடாதீங்க. அந்த நிலம் அரசு ஒப்படை செய்ததா, அதாவது அரசு யாருக்காவது ஒதுக்கிக் கொடுத்ததா என்று அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள கிராமப் பதிவேடு) தாலுகா அலுவலகத்தில் ஒப்படை கோப்பையும் பாருங்க. ஏலகிரியின் பூர்வ குடிகள் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல). வட ஆற்காட்டு மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம் என்றால், நடுவில் நாலு கிரயம் பதிவாகியிருந்தாலும் அரசு ஒப்படையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்படித் தெரிந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பணம் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அது அவங்க பிழைப்புக்காகக் கொடுத்த நிலம்.

வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. ஏலகிரி இருக்கும் திருப்பத்தூர் 2019-ல் வேலூரிலிருந்து தனி மாவட்டமானது, பழைய பத்திரத்தில் மாவட்டப் பெயர் வேறாக இருப்பது அதனால்தான். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்) போடும்போது இப்போதைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய அடமானம் தப்பிவிடும். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய சர்வே எண்ணுக்கும் தனியாகப் போடுங்க. இணையத்தில் கிடைக்காத பழைய வருஷங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்லணும்.

மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், 20.10.2016-க்கு முன் அது வீட்டுமனையாக ஒரு தடவையாவது பதிவாகியிருக்கணும், இல்லையென்றால் வரன்முறைப்படுத்திய ஆணை வேணும். மலைப்பகுதிக் கட்டுப்பாடு அந்த சர்வே எண்ணுக்கு உண்டா, வீட்டுக்கு வரைபட அனுமதி இருக்கிறதா என்று நகர் ஊரமைப்புத் துறையிலும் கேளுங்க.

அப்புறம் பாதை. ரோட்டிலிருந்து வீடு வரை வருகிற வண்டிப்பாதை யாருடைய பட்டாவில் போகிறது என்று புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வைத்துப் பாருங்க. அடுத்தவர் நிலம் என்றால் பாதை உரிமை பத்திரத்தில் அடி அளவோடு இருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. சர்வேயரை வைத்து நாலு மூலைக் கல்லையும் காட்டச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுங்க. பதிவுச் செலவு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். மனையில் சந்தன மரம் நின்றால், பட்டுப்போனதாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

மட்டப்பலகை

பூச்சு விரிசல் மயிரிழை அளவில், வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பரவும். ஜன்னல் மூலையில் ஆரம்பித்துச் சாய்வாக ஓடுவதும், அதே கோடு வெளிச்சுவரிலும் தெரிவதும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளம்.

சரிவில் வீடு கட்டும்போது மேல்புறம் மண்ணை வெட்டி, அதையே கீழ்ப்புறம் கொட்டிச் சமன் செய்வார்கள். வெட்டிய பக்கம் கெட்டி. கொட்டிய பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் அமுங்கும். வீடு பாதி இங்கே, பாதி அங்கே உட்கார்ந்தால் அந்தச் சேர்மானத்தில்தான் பிளக்கும். கீழ்ப்பக்க மூலையில் அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு குழி தோண்டிப் பாருங்க, அடிமட்டத்துக்குக் கீழேயும் கலப்பு மண்ணும் ஜல்லித் துண்டும் வந்தால் கொட்டிய மண்ணில்தான் நிற்கிறது.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று அறிய, பூச்சை உரித்துவிட்டு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி விடுங்க. ஒரு மழைக்காலம் தாண்டியும் உடையாமல் இருந்தால் இறக்கம் நின்றுவிட்டது, நிரப்பிப் பூசிக்கொள்ளலாம். உடைந்தால் அஸ்திவாரத்துக்கு அடியில் 3, 4 அடி நீளமாக விட்டுவிட்டுத் தோண்டி கான்கிரீட் கொடுக்கணும். மொத்தமாகத் தோண்டினால் சுவரே இறங்கும். இந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.

தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீரால்தான் சாய்கின்றன. 3 அங்குல வடிகுழாய் 5 அடிக்கு ஒன்றாவது வேணும், பின்னால் ஜல்லி நிரப்பியிருக்கணும். குழாய் இருந்தும் மழையில் தண்ணீர் வராவிட்டால் அடைத்திருக்கிறது. மேல்புறம் மழைநீரை வீட்டைச் சுற்றித் திருப்பும் வாய்க்கால் இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. பழுது பார்க்கப் பொருள் ஏற்றும் கூலி கீழே இருப்பதைவிடக் கூடும். 40 அடி கம்பி 14 கொண்டை ஊசி வளைவில் நீட்டாக ஏறாது, மடக்கித்தான் வரும்.

கிணற்றடி

போரை மழைக்காலத்தில் சோதிக்காதீங்க. ஏப்ரல், மே மாதத்தில் மோட்டாரை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, ஆரம்பத்திலும் கடைசியிலும் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று குறியுங்க. முதலில் 5 நிமிஷம், கடைசியில் 20 என்றால் குழாய்க்குள் தேங்கியிருந்தது தீர்ந்து ஊற்று மட்டும் வருகிறது. 20 நிமிஷத்துக்கு 200 என்றாலும் மணிக்கு 600 லிட்டர், வீட்டுக்குத் தாராளம். காற்றோடு விட்டு விட்டு வந்தால் நம்பக் கூடாது.

ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 540. மோட்டார் பழுதானால் ஆள் வர நாளாகும், பத்து நாளைக்கு 6,000 லிட்டர் தொட்டி வைங்க. 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். கழிவுத் தொட்டி போருக்குக் கீழ்ச்சரிவில், 60 அடியாவது தள்ளி இருக்கணும். பக்கத்து வீட்டுத் தொட்டி மேலே இருக்கிறதா என்றும் பாருங்க.

சத்துவாச்சாரி_வாசி

மிக்க நன்றி. கீழ்மூலையில் குழி தோண்டிப் பார்க்க விற்பவரிடம் கேட்கிறேன். வயதானவர்களுக்கு அவசரம் என்றால்?

கிணற்றடி

பெரிய சிகிச்சைக்கு மலை இறங்கித்தான் ஆகணும். திருப்பத்தூர் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை சுமார் 90 கி.மீ. இதயம், டயாலிசிஸ் என்று அடிக்கடி போகிறவர்கள் இருந்தால் ஜோலார்பேட்டை, திருப்பத்தூரிலேயே வீடு பாருங்க. இல்லையென்றால் வீட்டு வாசல் வரை ஆம்புலன்ஸ் திரும்புமா என்று ஒரு வேனை ஏற்றிப் பார்த்துவிடுங்க. மாடித் தொட்டி மூடியைக் கம்பியால் கட்டணும், குரங்கு கழற்றிவிடும்.