மாட்டுவண்டி வேகத்தில் படித்தால் என்ன குறைந்துவிடும்?

கயிற்றுக்கட்டில் | ஞாயிறு, இரவு 8:40

நேற்று மாலை 5:30க்குத் தொடங்கி இன்று மாலை 5:30 வரை நம் குழுவில் பதினான்கு பேர் ‘24 மணி நேர வாசிப்பு மாரத்தான்’ நடத்தி முடித்திருக்கிறார்கள். மணிக்கொரு தடவை பக்க எண் போட்டார்கள். காபி டம்ளரைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார்கள். “212 பக்கம் முடிந்தது, கண் எரிகிறது” என்று விடியற்காலை 3 மணிக்கு ஒருவர் எழுதியிருந்தார். கண் எரிந்தால் தூங்க வேண்டியதுதானே ஐயா?

சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். 1931இல் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது எங்கள் பக்கத்தில்தான். நூலக அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். வண்டி மறுபடி ஊருக்கு வரும் வரைக்கும் கையிலிருக்கிற ஒரே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்போம் என்று தாத்தா சொல்வார். அந்தப் பரம்பரை.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. மதியச் சாப்பாடு முடிந்து வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டால் நாலு பக்கத்தில் கண் சொக்கும். விழிக்கும்போது விரல் அதே பக்கத்தில் இருக்கும். அப்புறம் ஒரு காபி, இன்னும் நாலு பக்கம். இதில் எங்கே வருகிறது பந்தயம்?

எக்செல்_வாசகன் | ஞாயிறு, இரவு 9:05

அந்த 3 மணி ஆள் நான்தான் சார். 😀

கல்லூரி முடித்த பிறகு ஆறு வருடத்தில் நான் படித்த மொத்தப் புத்தகம் இரண்டு. அதில் ஒன்று பைக் வாங்கும்போது கொடுத்த கையேடு. போன வருடம் ஒரு அட்டவணை போட ஆரம்பித்தேன்: தேதி, புத்தகம், தொடங்கிய பக்கம், முடித்த பக்கம். எண் ஏறுவதைப் பார்க்க ஆசை வந்தது, அந்த ஆசைக்காகப் படித்தேன். இப்போது 19 புத்தகம். நீங்கள் கட்டிலில் ஏறுகிற மாதிரி நான் எண்ணில் ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கயிற்றுக்கட்டில் | ஞாயிறு, இரவு 9:22

தம்பி, 19இல் எத்தனை 120 பக்கத்துக்குள் அடங்கியவை? நேர்மையாகச் சொல்லுங்கள்.

எக்செல்_வாசகன் | ஞாயிறு, இரவு 9:24

...11.

ஓரமாய்_ஒருவன் | ஞாயிறு, இரவு 9:25

சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டேன். தொடருங்கள்.

பழைய_பதிவன் | ஞாயிறு, இரவு 10:10

இந்த மாரத்தான் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. டூயி என்ற புனைபெயரில் புத்தகங்களைப் பற்றி எழுதிவந்த அமெரிக்க வலைப்பதிவர் ஒருவர் 2007 அக்டோபரில் ஆரம்பித்தது. உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும் என்பது விதி. நியூயார்க்கில் காலை 8 என்றால் நமக்கு மாலை 5:30. நம் ஆட்கள் ஏன் இந்த விசித்திரமான நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்தவர்களுக்குப் பதில் இதுதான். அவர் மறு வருடமே இறந்துபோனார். அவர் பெயரிலேயே மற்றவர்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடர்ந்து நடத்தினார்கள். அங்கே போட்டியைவிட உற்சாகம் ஊட்டுவதற்குத்தான் மரியாதை. படிக்காமல், படிக்கிறவர்களின் பதிவுகளுக்குப் போய் “இன்னும் கொஞ்சம்தான்” என்று பின்னூட்டம் போடுவதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள். நம் ஊருக்கு வரும்போது அது கழன்று விழுந்துவிட்டது, பக்க எண் மட்டும் வந்து சேர்ந்தது.

ஆனால் கட்டில் ஐயா சொல்வதில் பாதிக்கு நான் சாட்சி. 2006இலிருந்து பதிவு எழுதுகிறேன். ஒரு காலத்தில் தினம் ஒன்று. கையில் பென்சில் இல்லாமல் புத்தகத்தைத் தொடமாட்டேன். ஒரு நல்ல வரி வந்தால் நெஞ்சுக்குள் போவதற்கு முன்னாலேயே “இதைப் பதிவில் போடலாம்” என்று பென்சில் இறங்கிவிடும். என் தோளுக்குப் பின்னால் இன்னொருவன் நின்று படிக்கிற மாதிரி. ஒரு நாள் ஒரு சாவுக் காட்சியில் எல்லோரும் அழுதிருப்பார்கள், நான் அடிக்கோடு போட்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் எதுவும் எழுதவில்லை.

ஓதுவார்_பேரன் | ஞாயிறு, இரவு 10:31

எல்லோரும் இதை என்னமோ அமெரிக்க இறக்குமதி என்கிறீர்கள். திருவாசக முற்றோதல் என்ன? 51 பதிகம், 658 பாட்டு. காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகும். வைணவர்களுக்கு மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று நாலாயிரமும். மழை இல்லாத வருடம் மழை வேண்டி ஊர்ப்பொதுவில் பாரதத்தின் விராட பருவம் படித்தவர்கள் நாம். தொடர்ந்து உட்கார்ந்து படிப்பது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. அதை யாரும் ‘பந்தயம்’ என்று கேலி செய்ததில்லையே?

கயிற்றுக்கட்டில் | ஞாயிறு, இரவு 10:48

நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். முற்றோதலில் யாரும் யாரையும் முந்த முடியாது. முன்னால் ஓடினால் ஓதுவார் முறைப்பார். தெரிந்த பாட்டையே மறுபடி பாடுகிறோம், முடித்துவிட்டோம் என்று கணக்கெழுத அதில் ஒன்றுமில்லை. அப்புறம் மதியம் பந்தியில் புளியோதரை, தயிர்சாதம். மாரத்தான்காரருக்கு அது உண்டா?

அடுப்படி_வாசகி | ஞாயிறு, இரவு 11:15

இப்போதுதான் பாத்திரம் கழுவி முடித்து வந்தேன். அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருத்தி.

அந்தப் புளியோதரையைக் கிளறியவர் அன்றைக்கு எத்தனை பதிகம் பாடினார் ஐயா?

என் கணக்கைச் சொல்கிறேன். 24 மணி நேரத்தில் நான் படித்தது 9 மணி 20 நிமிடம். தூக்கம் 5 மணி. மீதி எங்கே போனது? சனி இரவு தோசை. அத்தைக்கு மாத்திரை, இரண்டு தடவை. ஞாயிறு காலை 6 மணிக்குத் தண்ணீர் வரும், குடம் பிடிக்க ஆள் வேண்டும். இட்லி மாவுக்கு ஊறப்போட்டது, அரைத்தது. வாசலில் மீன்காரர். ஆனால் என் கல்யாணத்துக்குப் பிறகு, பதினாறு வருடத்தில், 9 மணி 20 நிமிடம் நான் படித்த ஒரே நாள் அதுதான்.

‘மாரத்தான்’ என்ற சொல் எனக்குக் கதவுக்குப் போடும் தாழ்ப்பாள். சும்மா ஒரு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் “சும்மாதானே இருக்கே, அந்த வெங்காயத்தை...” என்று ஆரம்பிக்கும். “எனக்கு இன்னைக்குப் போட்டி இருக்கு, இருபது பேர் காத்துக்கிட்டிருக்காங்க” என்றேன் (பதினான்குதான், கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்). வீட்டுக்காரர் மதியம் வெளியில் போய் பிரியாணி வாங்கிவந்தார். மகன் “அம்மா எத்தனை பக்கம்?” என்று மூன்று தடவை கேட்டான். நான் படிப்பதை என் வீட்டில் ஒருவர் விசாரித்தது அன்றைக்குத்தான்.

உங்களுக்குக் கட்டில் இருக்கிறது, மரம் இருக்கிறது, எழுந்ததும் காபி இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை.

ஓரமாய்_ஒருவன் | ஞாயிறு, இரவு 11:17

சுண்டல் கீழே கொட்டிவிட்டது.

கயிற்றுக்கட்டில் | திங்கள், காலை 6:50

ராத்திரி படித்தேன். உடனே பதில் எழுத மனசு வரவில்லை.

அம்மா, காபி விஷயம் நியாயம். அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நேரம். அதைப் பெற இந்தப் பெயர் உதவியது, சரி. ஆனால் நீங்களும் மணிக்கொரு தடவை பக்க எண் போட்டீர்கள். 9 மணி 20 நிமிடம் என்று நிமிடம் வரை வைத்திருக்கிறீர்கள். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. வாசகர் கையில் கடிகாரத்தைக் கொடு என்று அவர் சொல்லவில்லை.

நானும் ராப்பகலாகப் படித்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். கல்கியில் 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைப் பாட்டி கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்டு போட்டு வைத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் ஐந்து பாகத்தையும் ஒரே வாரத்தில் முடித்தேன், ராத்திரியில் டார்ச் லைட்டோடு. எத்தனை பக்கம் என்று இன்றைக்கும் தெரியாது. நடுவில் இரண்டு வாரத்து இதழ் காணாமல் போயிருந்தது. அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று நானே கற்பனை செய்துகொண்டேன். பிற்பாடு அச்சில் படித்தபோது என் கற்பனைதான் நன்றாக இருந்ததாகப் பட்டது. எண்ணிக்கொண்டு படித்திருந்தால் இது நடந்திருக்குமா?

எக்செல்_வாசகன் | திங்கள், காலை 8:15

டார்ச் லைட் அடித்து ஒரு வாரம் ராத்திரி முழுக்கப் படித்தவர் என்னைத் தூங்கச் சொல்கிறார், எல்லோரும் கவனிக்கவும்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். குட்ரீட்ஸ் என்ற வாசகர் இணையதளத்தில் வருட இலக்கு வைத்தேன். பிந்தினால் “மூன்று புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்” என்று காட்டும். அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும், ஏதோ வீட்டுக்கடன் தவணை மாதிரி. அப்போதுதான் ஒல்லிப் புத்தகமாகத் தேட ஆரம்பித்தேன். மழை, ஆறு, தோப்பு என்று வர்ணனை வந்தால் தாண்டுவேன். அந்த 11இல் நாலு புத்தகத்தின் கதை இப்போது சுத்தமாக ஞாபகம் இல்லை. இது என் தவறா, அட்டவணையின் தவறா என்று தெரியவில்லை. ஆனால் அட்டவணை இல்லாவிட்டால் மீதி 8 வந்திருக்காது, அதுவும் உண்மை.

அடுப்படி_வாசகி | திங்கள், மதியம் 2:30

மாட்டுவண்டியை நீங்கள் வேகத்துக்கு உதாரணம் காட்டுகிறீர்கள் ஐயா. அது மெதுவாகப் போவதற்காகக் கிளம்பியதில்லை. பட்டணத்து நூலகம் வரைக்கும் வர முடியாதவர்கள் ஊரில் இருந்தார்கள், அவர்கள் வாசலுக்குப் புத்தகம் போகவேண்டும் என்று கிளம்பியது. வர முடியாத அந்த ஆள் நான். எங்கள் கிளை நூலகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அது திறந்திருக்கும் நேரத்தில் எனக்கு ஒழியாது.

நிமிடக் கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்தை நான் எண்ணவில்லை, மற்றவர்கள் போட்டதால் சும்மா போட்டேன். நிமிடத்தை எண்ணினேன். வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பால் எத்தனை பாக்கெட், கேஸ் எத்தனை நாள் வந்தது, பள்ளிக்கட்டணம் எந்தத் தேதி. எனக்கென்று இருந்த நேரத்துக்கு மட்டும் எந்த நோட்டிலும் வரி இல்லை. அதனால் எழுதினேன்.

பழைய பதிவரே, உங்களுக்கு எழுதுவது படிப்பைக் கெடுத்தது. எனக்கு நேர்மாறு. தினம் ராத்திரி படுப்பதற்கு முன் நாலு வரி எழுதுகிறேன், யாரும் பார்க்காத நோட்டில். அன்றைக்குப் படித்ததில் ஒன்று, நடந்ததில் ஒன்று. நேற்று எழுதியது: “மூன்றாவது அத்தியாயத்தில் அந்தக் கிழவி பூட்டைத் திறக்காமல் திரும்பிப் போகிறாள். ஏன்? மாடியில் துணி எடுக்கும்போது மழை வாசனை வந்தது, மழை வரவில்லை.” அவ்வளவுதான். எழுதவேண்டும் என்று இருப்பதால்தான் மாடியில் ஒரு நிமிடம் நின்றேன்.

பழைய_பதிவன் | திங்கள், மாலை 4:05

இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது “அருமையான வரி, பதிவில் எடுத்துப் போடலாம்” என்பதுதான். வியாதி இன்னும் போகவில்லை.

யாரும் பார்க்காத நோட்டு என்கிற இடத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று படுகிறது. நான் எழுதியது நாற்பது பின்னூட்டத்துக்காக. காலையில் ரசம் தாளித்த வாசனையை எழுதினாலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கொரு தடவை எட்டிப் பார்ப்பேன். ரசம் ஆறிப் போயிருக்கும். கட்டில் ஐயாவின் சந்தேகம் அந்த எட்டிப் பார்த்தலைப் பற்றியது என்றால் நான் அவர் பக்கம்.

ஓதுவார்_பேரன் | திங்கள், மாலை 5:40

அடுப்படி அம்மாவுக்கு: அடுத்த முற்றோதலில் சமையலுக்கு வெளியில் சொல்லிவிடலாமா என்று எங்கள் குழுவில் கேட்டேன். “செலவு யார் ஏற்பது?” என்றார்கள். விவாதம் அங்கேயும் ஓடுகிறது.

கயிற்றுக்கட்டில் | திங்கள், இரவு 8:20

வீட்டுக்காரி இந்தத் திரி முழுவதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பொண்ணு எந்தப் புத்தகத்தைச் சொல்லுது? பூட்டுக் கிழவி?”

எண்ணுவது பற்றி என் கருத்து மாறவில்லை. பக்க எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு நடத்தினால் நான் எதிர்க்கமாட்டேன். விடியற்காலை 3 மணிப் படமும் வேண்டாம், எக்செல் தம்பி பிழைத்துப் போகட்டும்.

வீட்டுக்காரி நாற்பது வருடமாகக் கையில் வாரப் பத்திரிகை தவிர எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. நேரம் இல்லையா, விருப்பம் இல்லையா என்று கேட்டதும் இல்லை. இன்றைக்குக் கேட்டேன். “இப்ப கேக்கறீங்களே” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுப்படி_வாசகி | திங்கள், இரவு 10:50

புத்தகத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். முடிவை மட்டும் நீங்கள் முதலில் படித்துச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த தடவை 5:30 வேண்டாம் என்று ஒரு விண்ணப்பம். அது நியூயார்க்குக்குச் சரி. நமக்கு அது பால் காய்ச்சி, விளக்கேற்றி, டிபனுக்கு யோசிக்கும் நேரம். இரவு 9க்கு வைத்தால் நான் வருகிறேன்.

எக்செல்_வாசகன் | திங்கள், இரவு 10:58

9க்கு எனக்குச் சம்மதம். அட்டவணையில் பக்கத்துக்குப் பதிலா நிமிடம் என்று தலைப்பை மாற்றிவிட்டேன். கட்டில் சார், மதியத் தூக்கத்தை அதில் சேர்க்கலாமா கூடாதா?